கடைசித் தராசு வரும்வரை

ஸ்டெல்லா இறந்த செய்தி வந்தபோது நான் ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கொட்டகையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தொலைபேசியில் அழைத்தவர் ரஃபி. எங்கள் அலுவலகத்தில் இருந்தது மூன்றே பேர்: ஸ்டெல்லா, ரஃபி, நான். "சார், மேடம் போயிட்டாங்க" என்றார் ரஃபி. அவர் சற்றுப் பொறுத்து, அன்றைக்கே அடக்கம் என்றும், மாலைப் பூசைக்குத் தேவாலயத்துக்கு எடுத்துப்போகும் முன் வீட்டிலேயே பெட்டியை மூடிவிடுவார்கள் என்றும் சொன்னார். "அதுக்குள்ள வந்துருங்க சார். மொகத்தப் பாத்துரலாம்."

ஒட்டன்சத்திரத்திலிருந்து, ஸ்டெல்லாவின் வீடு இருந்த திண்டுக்கல்லுக்கு ஒரு மணி நேரப் பயணம். அப்போது காலைதான். எழுந்து கார்ச் சாவியை எடுத்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். எட்டுத் தராசுகளுக்கு எட்டுக் கட்டங்கள். ஏழு பச்சையாகியிருந்தன. ஆறாம் தராசின் கட்டம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அன்று நான் எத்தனை முறை எழுந்து எத்தனை முறை உட்கார்ந்தேன் என்பதை அந்தக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் சிலர் எங்களைப் போலக் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவர்கள். மற்றவர்கள் ஸ்டெல்லாவின் உறவினர்கள், கோயிலில் அவரோடு பாடியவர்கள். முன்னவர்கள், தங்களுக்குத் தெரிந்ததையே நான் விளக்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்னவர்களுக்கு நான் ஏன் அன்று வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு அந்த விளக்கம் இல்லாமல் முடியாது.

அந்தக் கொட்டகையின் உரிமையாளர் முருகேசன். கேரளத்துக்குக் காய் அனுப்புகிறவர். ஒரு லாரிக்கான சரக்கு அங்கே எட்டுத் தராசுகளில் ஒரே நேரத்தில் எடை போடப்படும். தராசுக்கு ஒரு விவசாயி. எட்டுப் பேரின் எடையும் முடிந்தபின் மொத்தம் அச்சாகும். சீட்டு ஓட்டுநர் கைக்கு வந்தபின்தான் லாரி நகரும். இதற்கான நிரலைச் சி என்னும் கணினி மொழியில் எழுதியவர் ஸ்டெல்லா. நிரலுக்குள் ஒவ்வொரு தராசையும் ஓர் இழை, அதாவது நிரலின் தனியாக ஓடும் ஒரு பகுதி, கவனித்துக்கொண்டிருக்கும். இழைகள் எல்லாம் தத்தம் போக்கில், ஒன்றையொன்று பாராமல் ஓடும். ஒன்று முந்திக்கொண்டு அடுத்த லாரிக்குப் போய்விடாதிருக்க, வழியில் ஒரு தடுப்பு வைக்கப்படுகிறது. அதை உருவாக்கும்போதே எத்தனை இழைகள் வந்து சேரவேண்டும் என்ற எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். வந்த இழை அங்கேயே நிற்கும். அந்த எண் நிறைந்த கணத்தில் தடுப்பு திறக்கும். எல்லா இழைகளும் சேர்ந்து கடக்கும். நிறையாவிட்டால் திறக்காது.

இதை நான் முருகேசனுக்கு விளக்கியபோது அவர் மரியாதையாகத் தலையாட்டினார். ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. ஸ்டெல்லா வாசலில் நின்ற லாரியைக் காட்டி, ஓர் ஆளின் சரக்கு ஏறாமல் அதை எடுப்பீர்களா என்று கேட்டார். எடுக்கமாட்டேன் என்றார் முருகேசன். "அம்புட்டுத்தான். இதுவும் எடுக்காது" என்றார் ஸ்டெல்லா.

முருகேசன் விடவில்லை. "ஏனுங்க மேடம், ஒருத்தன் வராமயே போயிட்டா? அரை மணி பாத்துப்போட்டு லாரிய விட்டுற மாட்டீங்களா?"

"இதுல கடிகாரம் கிடையாதுங்க."

"கடிகாரம் வெச்சது ஒண்ணு போட்டுக் குடுங்க."

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். இந்தத் தடுப்புக்கான விதிமுறையில் நேர வரம்போடு காத்திருக்கும் வசதி இல்லை. வேண்டுமானால் வேறு கருவிகளைக் கொண்டு நாமே ஒன்றைக் கட்டலாம் என்று முறையாகச் சொல்லத் தொடங்கினேன். ஸ்டெல்லா என்னை முடிக்க விடவில்லை. "வராதவன வந்துட்டான்னு எழுதுறதுக்கு, அவன் வராமலே இருக்கட்டும் சார். எல்லாரும் நிப்போம்" என்றார். வாடிக்கையாளரிடம் பேசும் முறை இதுவல்ல என்று எனக்குத் தோன்றியது. முருகேசனோ சிரித்துவிட்டார். இந்த அம்மா லாரி ஓட்டப் போயிருந்தால் ஒரு வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று ஓட்டுநரிடம் சொன்னார். ஆனால் கடிகாரத்தை அதன்பின் கேட்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வேறு எங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. தடுப்போ, பூட்டோ, எதுவானாலும், அதை உருவாக்கும் வரியை ஒருவர் எழுதினால் அழிக்கும் வரியை இன்னொருவர்தான் எழுத வேண்டும். இது தொடங்கியது நிலக்கோட்டையில், ஒரு பூ வியாபாரிக்காக நாங்கள் எழுதிய நிரலில். மல்லிகை எடை போடும்வரை அந்த நிரல் நன்றாகவே ஓடும். கடையை முடித்து அதை மூடும்போது மட்டும் சில நாள் செத்துவிழும், சில நாள் ஒன்றும் ஆகாது. காரணம் எளியது. மூடும் பொத்தானை அழுத்திய உடனே தடுப்பை அழித்துவிடும்படி ஸ்டெல்லா எழுதியிருந்தார். அந்த நேரத்தில் ஏதாவது ஓர் இழை தடுப்பில் நின்றுகொண்டிருந்தால்? அப்போது என்ன நடக்கும் என்பதற்கு விதியில் உத்தரவாதம் இல்லை. எதுவும் நடக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு நிரலில் இதைவிடக் கொடிய சொல் கிடையாது.

நான் இதைச் சொன்னபோது ஸ்டெல்லா, அப்படியானால் அழிக்கும் வரியே வேண்டாம், எடுத்துவிடுகிறேன் என்றார். நிரல் முடிந்ததும் கணினியே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளப்போகிறது. "கடையச் சாத்திட்டுப் போறப்ப வாசல்ல போட்ட கோலத்த அழிச்சிட்டா சார் போறோம்?" கோலத்தின்மேல் ஆள் நின்றுகொண்டிருந்தால் யோசிப்பீர்கள் அல்லவா என்று கேட்டேன். அவர் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். "அப்ப அழிக்கிறத நீங்களே எழுதுங்க. பெத்தவ கையில கத்தியக் குடுக்காதீங்க."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அது நிலைத்துவிட்டது. உருவாக்குகிறவர் வேலை எப்போது முடியும் என்று பார்க்கிறார். அழிக்கிறவர் இன்னும் யார் மிச்சம் இருக்கிறார் என்று பார்க்கிறார். இரண்டு பார்வையும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதை நாங்கள் பிறகுதான் கண்டுகொண்டோம். அன்று முதல் ஸ்டெல்லா உருவாக்கினார், நான் அழித்தேன். எங்கள் நிரல்களைத் திறந்து பார்த்தால் எந்த வரி யாருடையது என்று ரஃபி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஸ்டெல்லாவுக்கு எண்ணத் தெரியாது. கணிதத்தில் முதுகலை படித்தவரைப் பற்றி இப்படி எழுதுவது முறையல்ல. ஆனால் அவர் கணவர் சூசையும் இதை மறுக்கமாட்டார். சனிக்கிழமைதோறும் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடைக்குப் பிரியாணி சொல்லும் பொறுப்பு ஸ்டெல்லாவுடையது. மூன்று பேருக்கு இரண்டு பொட்டலம்தான் வரும். முதலில் கடைக்காரர்மேல் சந்தேகப்பட்டோம். பிறகு ரஃபி ஒரு நாள் பக்கத்திலேயே நின்று கேட்டார்: ஸ்டெல்லா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். கண்ணில் பட்ட தலைகளை எண்ணியிருக்கிறார். அதன்பின்னும் அது மாறவில்லை. மாறவேண்டும் என்று நாங்களும் அதிகம் வற்புறுத்தவில்லை. இரண்டு பொட்டலங்களைப் பிரித்து மூன்று தட்டுகளில் பகிர்ந்துகொள்வோம். அப்படிப் பகிரும்போது பெரிய கறித்துண்டு எப்படியோ ஸ்டெல்லாவின் தட்டுக்கே போய்ச்சேரும் என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

ஒட்டன்சத்திரத்து நிரல் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கேரளத்திலிருந்து முருகேசனுக்குப் புகார் வந்தது. லாரியில் இருக்கும் சரக்குச் சீட்டில் இல்லை. ஒரு தராசின் எடை முழுதாகக் காணோம். அடுத்த லாரியின் சீட்டில் அது வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு விவசாயியின் கத்தரிக்காய் எந்த லாரியில் போனது என்று இரண்டு ஊர்களில் சண்டை. முருகேசன் கடுமையாகப் பேசினார்.

நான் நிரலை வரிவரியாகப் படித்தேன். எல்லாம் விதிப்படி இருந்தது. தடுப்பை உருவாக்கும் வரி, அது வெற்றியா தோல்வியா என்ற சோதனை, காத்திருக்கும் வரி, என்னுடைய அழிக்கும் வரி, எதிலும் குறை இல்லை. சனிக்கிழமை மதியம்வரை அதே வரிகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிரியாணி வந்தது. ரஃபி பொட்டலங்களைப் பார்த்துவிட்டு, "மேடம் எண்ணுனா ஒண்ணு கொறையும்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு இருவரும் திரைக்கு ஓடினோம்.

தடுப்பை உருவாக்கும் வரியில் எட்டு என்று இருந்தது. தராசுகள் எட்டு. ஆனால் மொத்தம் கூட்டிச் சீட்டு அச்சிடும் இழை ஒன்று தனியாக இருந்தது. அதுவும் எல்லோருக்காகவும் அதே தடுப்பில்தான் வந்து நின்றது. ஆக வருகிறவர்கள் ஒன்பது பேர். அச்சு இழைக்கு வேறு வேலை இல்லாததால் அது முதலிலேயே வந்து நின்றுவிடும். பின்னால் ஏழு தராசுகள் வந்ததும் எண் நிறைந்து தடுப்பு திறந்துவிடும். எட்டாவதாக வந்த தராசு தனியே நின்று அடுத்த லாரியோடு சேர்ந்துகொள்ளும். நிரல் தன்னிடம் சொன்னதைத்தான் செய்திருந்தது.

ஸ்டெல்லா எட்டை ஒன்பதாக்கினார். "கொட்டகையில நின்னு எண்ணுனேன் சார். கண்ணுக்குத் தெரிஞ்ச தராசெல்லாம் எண்ணிட்டேன். எண்ணிக்கிட்டு நிக்கிறவள எண்ணல" என்றார். வருத்தம் சிறிதும் இல்லை. ஆறிப்போன பிரியாணிக்கு வந்து, இனி எண்கள் எல்லாவற்றையும் நானே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிரியாணி எண்ணிக்கையையுமா என்று ரஃபி கேட்டார். அதில் யாரும் தலையிடக் கூடாது என்றார்.

நோய் தெரிந்தபின்னும் அவர் வேலையை விடவில்லை. வயிற்றில் கட்டி. சிகிச்சைக்குப் போகும் நாட்கள் தவிர மற்ற நாட்களில் அலுவலகத்துக்கு வந்தார். வர முடியாதபோது வீட்டிலிருந்து எழுதினார். கடைசியில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல ரஃபி தட்டச்சு செய்தார். முருகேசன் பக்கத்தில் புதுக் கொட்டகை கட்டி இன்னும் நான்கு தராசுகள் போட்டிருந்தார். சீசன் தொடங்குமுன் எல்லாம் ஒன்றாக ஓடவேண்டும் என்பது அவர் கோரிக்கை.

தடுப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. உருவாக்கியபோது கொடுத்த எண்ணைப் பிறகு மாற்ற முடியாது. ஆள் கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தடுப்பை அழித்துவிட்டு வேறொன்றை உருவாக்கத்தான் வேண்டும். பழையதை அழிக்கும் பகுதி வழக்கப்படி எனக்கு; புதியதை உருவாக்கும் பகுதி அவருக்கு. நான் ஒட்டன்சத்திரம் போவதற்கு முந்தைய மாலை மருத்துவமனைக்குச் சென்றேன். சூசை நாற்காலியை எனக்கு விட்டுவிட்டுச் சன்னலோரம் நின்றார். ஸ்டெல்லா மெலிந்திருந்தார், குரல் மட்டும் அப்படியே இருந்தது. எந்த எண்ணைப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பன்னெண்டு தராசு. அப்புறம்?" என்று பள்ளி ஆசிரியை கேட்பதுபோல் நிறுத்தினார்.

"சீட்டு" என்றேன்.

"பதிமூணு. எண்ணிட்டேன் பாத்தீங்களா?" என்று சிரித்தார். சூசையைப் பார்த்தும் சிரித்தார்.

நான் எழுந்தபோது கையசைத்து நிறுத்தினார். "எல்லாரும் போனாங்களான்னு பாத்துட்டு அழிங்க. ஒருத்தர் நின்னாலும் தொடாதீங்க."

விதியும் அதுதான், நான் மறக்கமாட்டேன் என்றேன்.

"நீங்க விதிய மறக்கமாட்டீங்க சார். ஆள மறந்துருவீங்க."

நாளை மாலை வந்து சொல்கிறேன் என்று விடைபெற்றேன்.

இனி அந்த நாளுக்குத் திரும்புகிறேன். விடியும்போதே கொட்டகைக்குப் போய், இந்த லாரியே கடைசி, இது முடிந்ததும் எல்லா இழைகளும் வெளியேற வேண்டும் என்று நிரலுக்குக் கட்டளை கொடுத்துவிட்டேன். அதைத் திரும்பப் பெற வழி இல்லை. எல்லா இழைகளும் போய்ச் சேர்ந்தபின் பழைய தடுப்பை அழித்து, புதுத் தராசுகளை இணைத்து, ஸ்டெல்லாவின் நிரலைத் தொடங்க வேண்டும். அடுத்த லாரி முற்றத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்த வேலை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அவர் உடலோடு இருந்தார்.

ஆறாம் தராசு ராசு என்பவருடையது. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரியில் முருங்கை போட்டிருக்கிறவர். பாதிச் சரக்கை முதல் நடையில் கொண்டுவந்து எடை போட்டுவிட்டு மீதியை எடுக்கப் போயிருந்தார். வேடசந்தூர் தாண்டி வேனின் டயர் வெடித்துவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு முருகேசன் வந்தார். ஆறாம் தராசின் பெட்டியில் இருந்த 'முடிந்தது' பொத்தானைக் காட்டினார்.

"ஏனுங்க சார், அத அமுக்கிப்போட்டு நீங்க கெளம்புங்க. பாதிச் சரக்கோட முடிஞ்சதா இருக்கட்டும். ராசுகிட்ட நான் பேசிக்கறன்."

சி மொழியில் எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் ஆறாம் இழை தடுப்புக்கு வந்துவிடும். எண் நிறையும். தடுப்பு திறக்கும். முறைப்படி எல்லோரும் வெளியேறுவார்கள். நான் முறைப்படி அழிப்பேன். மதியத்துக்குள் திண்டுக்கல்லில் இருப்பேன். ராசுவின் மீதி முருங்கைக்காய்க்கு லாரி இருக்காது. முற்றத்தில் நின்ற மற்றது வேறு ஊருக்கு, வேறு சரக்குக்கு. அதைத் தவிர எந்தக் குறையும் இல்லை.

எழுந்து ஆறாம் தராசு அருகே போனேன். பொத்தான்மேல் முருங்கைத் தூசி படிந்திருந்தது. முருகேசன் ராசுவை அழைத்து, தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "அண்ணே, ஸ்டெப்னி மாட்டிக்கிட்டு இருக்கோம், செத்த நேரத்துல வந்துருவேன்" என்றது குரல். "லாரிய நிப்பாட்டி வைங்கண்ணே." இங்கே என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான் கை காட்டினேன்.

கைக்குட்டையால் பொத்தானைத் துடைத்துவிட்டுத் திரும்பிவந்து உட்கார்ந்தேன். "சார், மேடம் இப்ப இல்லீங்க. யாரு பாக்கப் போறா" என்றார் முருகேசன். கடிகாரம் வைத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு காலத்தில் கேட்டவர் அவர்தானே என்று நினைத்தேன். சொல்லவில்லை. இந்த முறை அவர் எனக்காகத்தான் கேட்டார்.

அதன்பின் நடந்த காத்திருப்பை விவரிக்க எனக்குத் தெரியாது. வாசலுக்குப் போனேன், திரும்பினேன். புதுக் கேபிள்களைச் சோதித்தேன். சோதித்தவற்றையே மறுபடி சோதித்தேன். ரஃபி இருமுறை அழைத்தார். கிளம்பிவிட்டீர்களா என்று முதல்முறை கேட்டார். இரண்டாம் முறை கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். மரத்தடியில் ஓட்டுநர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். திரையில் ஏழு பச்சைக் கட்டங்கள் அசையாமல் இருந்தன. அவற்றின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. நிற்கும் இழைக்குத் தான் நிற்பது தெரியாது.

வேன் வந்தது மதியம் சாய்ந்தபின். முருகேசன் உட்பட அங்கிருந்த எல்லோரும் ஓடிப்போய்க் கட்டுகளை இறக்கினார்கள். ராசு இதுவரை தனக்கு இப்படி யாரும் உதவியதில்லை என்பதுபோல் விழித்தார். கடைசிக் கட்டு எடை போட்டு முடிந்ததும் அவரே பொத்தானை அழுத்தினார். மஞ்சள் பச்சையானது. அச்சு இயந்திரம் கரகரத்துச் சீட்டைத் துப்பியது.

தடுப்பு திறக்கும்போது கடக்கிற இழைகளில் ஒன்றுக்கு மட்டும் மற்றவற்றுக்குக் கிடைக்காத தனி எண் ஒன்று கிடைக்கும். எல்லோருக்கும் பொதுவான பின்வேலை ஏதாவது இருந்தால் அதைச் செய்யவேண்டியது அந்த இழை. யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. விதி அதைத் திறந்தே விட்டிருக்கிறது. அன்று மூன்றாம் தராசுக்குக் கிடைத்தது. இந்த நினைவுக் குறிப்பை எழுதும் வேலை ரஃபிக்கோ சூசைக்கோ போகாமல் எனக்கு வந்ததும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இழைகள் ஒவ்வொன்றாக வெளியேறியதைத் திரையில் பார்த்தேன். ஒன்பதும் போய்விட்டன என்று உறுதி செய்துகொண்டேன். பிறகும் ஒருமுறை பார்த்தேன். அழிக்கும் கட்டளை பூச்சியம் என்று பதில் தந்தது. எங்கள் தொழிலில் குறை ஒன்றும் இல்லை என்பதற்கு அதுதான் சொல். புது நிரலைத் தொடங்கினேன். பதின்மூன்று. முற்றத்து லாரி உள்ளே வந்தது. மூட்டைகள் ஏறத் தொடங்கியதும் காரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பூசையும் முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ரஃபி எனக்காக நின்றுகொண்டிருந்தார். "மூடிட்டாங்க சார். சூசை அண்ணன் ஒங்களுக்காக ரொம்ப நேரம் பாத்தாரு. பாதர் நேரமாச்சுன்னுட்டாரு." அவர்கள் செய்தது சரி. மனிதர்கள் கூடும் இடத்தில் எண்ணிக்கை கிடையாது. ஒருவர் வரவில்லை என்பதற்காக ஓர் ஊர் நிற்காது, நிற்கவும் கூடாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும்.

குழிக்குள் மண் போட்டுவிட்டு நகர்ந்தபோது சூசை என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"லாரி கெளம்பிருச்சா சார்?" என்று கேட்டார்.

"கெளம்பிருச்சு."

"காலையில கண்ணு முழிச்சதும் அதத்தான் கேட்டா" என்றார். கையை விடவில்லை.

நான் அன்று இருந்திருக்க வேண்டிய இடம் எது என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. ஆறாம் தராசு அருகே நான் நின்றது ஸ்டெல்லா சொன்னதற்காகவா, ராசுவுக்காகவா, விதிக்கு வெளியே கால் வைக்கப் பயந்தா என்று கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வருகிறது. அவர் இருந்திருந்தால் மூன்றாவதுதான் என்று தயங்காமல் சொல்லி, அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். பெட்டிக்குள் இருந்த முகத்தை நான் பார்க்கவில்லை. என்னிடம் இருப்பது பதிமூணு என்று சொல்லிவிட்டு முதலில் என்னையும் பிறகு சூசையையும் பார்த்துச் சிரித்த முகம். அவர் உருவாக்கிய கடைசித் தடுப்பு ஒட்டன்சத்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அழிக்கும் வரியை வழக்கப்படி நான் எழுதிவிட்டேன். என் காலத்தில் அதற்கு வேலை வராது என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் எந்த எண்ணை எழுதினாலும், எண்ணுகிறவனை எண்ணினேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். அது அவரிடமிருந்து வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை ரஃபி பிரியாணிக்குச் சொன்னார். இரண்டு பொட்டலங்கள் வந்தன. நான் ஏதோ பிழையைப் பார்த்துக்கொண்டே எழுந்துவந்து, பொட்டலங்களைப் பிரித்து, தட்டுகளில் வைத்தேன். பெரிய துண்டை எடுத்து மூன்றாவது தட்டில் வைத்தபோதுதான் ரஃபி என் கையைப் பார்ப்பதைக் கவனித்தேன். தட்டுகளை எடுத்து வைத்தவர் அவர். மூன்று எடுத்து வைத்திருந்தார்.

இருவரும் கொஞ்ச நேரம் உட்காரவில்லை.

"இந்தத் தடவ எண்ணிக்கை சரியாத்தான் வந்துருக்கு சார்" என்றார் ரஃபி.